மஞ்சள் அட்டை வந்த வரலாறு

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்குப் பயணம் புதிதன்று. தந்தையார் காவிரிக் கரையையோ தாமிரபரணிக் கரையையோ விட்டு அலுவலின் பொருட்டு இவ்விடம் வந்தார். மகன் இவ்விடத்தையும் விட்டுக் கடல் கடக்கிறான். நைஜீரியா, கானா, கென்யா, உகாண்டா முதலிய வெப்ப நாடுகளுக்குப் பணி நாடிச் செல்லும் தமிழ் இளைஞர் இன்று பலர் உளர். அன்னையார் அன்போடு கட்டித் தரும் வடகமும் ஊறுகாயும் பருப்புப் பொடியும் அவர்தம் பெட்டியில் இடம் பெறுகின்றன. அவற்றினும் முதன்மையாக, பாஸ்போர்ட்டோடு இணைத்து வைக்க வேண்டிய சிறு அட்டை ஒன்று உண்டு. மஞ்சள் நிறத் தாளில் அச்சிடப்பெற்ற சர்வதேசத் தடுப்பூசிச் சான்றிதழே அது.

அலுவலகத்தார் கேட்கும் காகிதங்களுள் இதுவும் ஒன்று என்றே பலர் கருதுகின்றனர். அங்ஙனம் கருதுதற்கில்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அச்சமும், ஆராய்ச்சியில் உயிர் நீத்த மருத்துவர்தம் தியாகமும், துறைமுக வாயில்களில் நம் முன்னோர் பட்ட இழிவும் அச்சிறு அட்டையினுள் அடங்கியுள்ளன. அவ்வரலாற்றைச் சங்கத்தின் ஆண்டு மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

நாற்பது நாட்காவல்

கொள்ளை நோய் கப்பலேறி வரும் என்பதை ஐரோப்பியர் பதினான்காம் நூற்றாண்டில் பெருந்துன்பத்தின் வாயிலாக உணர்ந்தனர். பிளேக் நோய் அக்கண்டத்தைச் சூறையாடிய பின்னர், 1377ஆம் ஆண்டில் அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகூசா நகரத்தார் ஒரு விதி செய்தனர். நோய் பரவிய இடத்திலிருந்து வருவோர் நகரினுள் புகுமுன் முப்பது நாள் வெளியே தங்க வேண்டும் என்பது அவ்விதி. பின்னர் அம்முப்பது நாள் நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பது என்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ என்னும் சொல் பிறந்தது. வெனிஸ் நகரத்தார் 1423இல் நோயுற்றோரை வைத்துப் பேணுதற்கென ஒரு தீவையே ஒதுக்கினர்.

நோயின் காரணம் எவர்க்கும் தெரியாத காலம் அது. நோய் வெளிப்படும்வரை காத்திருந்து பார்த்தலே அக்காலத்தார் கண்ட ஒரே வழி. நோயுடைய கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி நின்றது. அக்கொடியைக் கண்டோர் அணுகாது விலகினர்.

நீராவிக் கப்பல் வந்தபின் இம்முறை வணிகர்க்குப் பெருந்தடையாயிற்று. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு விதி. ஓரிடத்தில் ஐந்து நாள், மற்றோரிடத்தில் இருபது நாள். இவற்றை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1851இல் பாரிஸ் நகரில் பன்னிரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். உலக நாடுகள் உடல்நலம் பற்றிக் கூடி ஆராய்ந்த முதல் மாநாடு அதுவே. 1866இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய மாநாட்டில் இந்தியாவின் பெயரே மிகுதியும் பேசப்பட்டது. முந்திய ஆண்டில் மெக்கா யாத்திரிகரிடையே வாந்திபேதி பரவிப் பல்லாயிரவரைக் கொன்றிருந்தது. கங்கைச் சமவெளியே அந்நோயின் பிறப்பிடம் என்று அம்மாநாடு கூறிற்று. அதுமுதல் இந்தியாவிலிருந்து புறப்படும் ஒவ்வொரு கப்பலும் ஐயத்தோடு நோக்கப்பட்டது.

டர்பன் துறைமுகத்தில் நேர்ந்தது

அந்த ஐயம் எத்துணைக் கொடியதாக வளரக்கூடும் என்பதைத் தென்னாப்பிரிக்க வரலாறு காட்டும். 1860ஆம் ஆண்டில் சென்னைத் துறையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்று, நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. புறப்படுமுன் முகாமில் அவர்களை மருத்துவர் சோதித்தனர். கப்பலிலும் மருத்துவர் ஒருவர் உடன் சென்றார். கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் தேவைப்பட்ட வரையில் நம்மவர் வரவேற்கப்பட்டனர். அவர்தம் மக்கள் கடை வைத்தும் நிலம் வாங்கியும் தலையெடுத்தபோது அந்நிலை மாறிற்று.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் பம்பாயிலிருந்து சென்ற ‘கோர்லண்ட்’, ‘நாதரி’ என்னும் இரு கப்பல்கள் டர்பன் துறையை அடைந்தன. ஏறத்தாழ எண்ணூறு இந்தியர் அவற்றில் இருந்தனர். அவருள் ஒருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மனைவி மக்களோடு அவர் வந்திருந்தார். கப்பலில் எவர்க்கும் பிளேக் கண்டிலது. ஆயினும் காவல் நாட்கள் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே சென்றன. கரையில் வெள்ளையர் கூட்டம் கூட்டி, வந்தவர் அனைவரையும் திருப்பியனுப்ப வேண்டும் என்று முழங்கினர். 1897 ஜனவரி 13ஆம் நாளன்றுதான் பயணிகள் இறங்க முடிந்தது. இறங்கிய காந்தியடிகளைத் தெருவில் சூழ்ந்து தாக்கினர். அவ்வாண்டிலேயே நேட்டால் சட்டசபை குவாரண்டைன் விதிகளை இறுக்கியதோடு, ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதாரைத் தடுக்கும் குடியேற்றச் சட்டத்தையும் இயற்றிற்று. பிளேக் நோயைத் தடுக்கும் விதியும் இந்தியரைத் தடுக்கும் விதியும் ஒன்றற்கொன்று துணையாக நின்றன.

இதற்கு மூன்றே நாள் முன்னர், 1897 ஜனவரி 10இல், பம்பாயில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. ஒடெஸ்ஸா நகரில் பிறந்த வால்டிமர் ஹாஃப்கின் என்னும் அறிஞர், தாம் ஆக்கிய பிளேக் தடுப்பு மருந்தை முதன்முதல் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். முன்னரே வாந்திபேதித் தடுப்பு ஊசியை இந்தியாவில் பல்லாயிரவர்க்குப் போட்டவர் அவர். பயணியை அடைத்து வைப்பதற்கு மாறாக அவன் உடலுக்கே காப்பளித்தல் இயலும் என்னும் நம்பிக்கை அவர் பணியால் வலுப்பெற்றது. பிற்காலத்து மஞ்சள் அட்டையும் அக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது.

மண்டபம் முகாம்

தமிழகத்தில் இவ்வரலாற்றின் சின்னம் ஒன்று இராமேசுவரத்திற்கு அண்மையில் உண்டு. இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்கள் நேரே கப்பலேற முடியவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசாங்கத்தார் நடத்திய முகாமில் சில நாள் தங்கியாக வேண்டும். ஆங்கே மருத்துவச் சோதனை நடக்கும், அம்மை குத்துவார்கள், துணிமணிகளை மருந்துப் புகையிலும் ஆவியிலும் இட்டு எடுப்பார்கள். தூத்துக்குடி வழியே செல்வோர்க்குத் தட்டப்பாறையில் இதுபோன்ற முகாம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்துத் தொடங்கியபின் மண்டபமே தலைவாயிலாயிற்று.

இம்முகாமினால் நன்மை இல்லாமல் இல்லை. நோயோடு நெடுவழி நடந்து, வழியிலேயே மாண்ட பழைய கொடுமை குறைந்தது. ஆயினும், முதல் வகுப்பில் பயணம் செய்தவர் மருத்துவரின் ஒரு பார்வையோடு கரையேற, கூலிக்காரன் மட்டும் வேலிக்குள் நாட்களை எண்ணிக் கிடந்தான். நோய்க்கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை; விதி வகுப்புப் பார்த்தது. அம்முகாமே பிற்காலத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர்க்கும், 1983க்குப் பின் அகதிகளாய் வந்தோர்க்கும் தங்குமிடமாயிற்று. சென்றவர்தம் வழியினர் வந்திறங்கிய இடமும் அதுவே என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

மஞ்சள் காய்ச்சலும் கொசுவும்

இனி, அட்டைக்கு உரிய நோயைப் பற்றிக் கூறுவோம். மஞ்சள் காய்ச்சல் வேறு, நாம் அறிந்த மஞ்சள் காமாலை வேறு. கடுங்காய்ச்சல் கண்டு, ஈரல் கெட்டு, கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்து, முற்றியவிடத்துக் குருதி கக்கச் செய்யும் நோய் இது. ஆப்பிரிக்காவில் தோன்றி, அடிமைக் கப்பல்கள் வாயிலாக அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. 1793இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் அந்நாளைத் தலைநகராகிய பிலடெல்பியாவில் ஏறத்தாழ ஐயாயிரவர் மாண்டனர். நகர மக்களில் பத்தில் ஒரு பங்கினர் அவர். அரசாங்கமே நகரை விட்டு அகன்றது. 1881இல் பிரெஞ்சுக்காரர் பனாமாக் கால்வாயை வெட்டத் தொடங்கி, இந்நோயாலும் மலேரியாவாலும் இருபதாயிரவருக்கு மேற்பட்டோரை இழந்து, 1889இல் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

அந்த 1881இலேயே கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, நோயைப் பரப்புவது கொசுவே என்று கூறினார். கேட்டோர் நகைத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்து, 1900இல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க இராணுவ மருத்துவர் அக்கூற்றை மெய்ப்பித்தனர். அவர்களுள் ஜெஸ்ஸி லாஸியர் என்பவர் அவ்வாராய்ச்சியிலேயே நோய் கண்டு இறந்தார். வீடுதோறும் தேங்கிய நீரை ஒழித்து, ஆவானா நகரிலும் பின்னர்ப் பனாமாவிலும் நோயை அடக்கினார் கோர்காஸ் என்னும் மருத்துவர். 1914 ஆகஸ்ட் 15ஆம் நாள் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது.

உலகம் மகிழ்ந்த அவ்வேளையில் இந்தியா கவலையுற்றது. அமெரிக்காவின் நோய்ப் பகுதிகளுக்கும் ஆசியத் துறைகளுக்கும் இடையே கடல்வழி சுருங்கிவிட்டது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் அதே ‘ஏடிஸ் எஜிப்தி’ கொசு நம் நாட்டுத் துறைமுகங்களில் நிறைந்திருந்தது. கால்வாய் திறப்பதற்கு முன்னரே இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஸ். பி. ஜேம்ஸ் இதனை ஆராய்ந்து அறிக்கை தந்தார். கொசு உண்டு, தடுப்பாற்றல் இல்லாத மக்கள் கோடிக்கணக்கில் உண்டு, கிருமி ஒன்றுதான் இல்லை. அக்கிருமியை வரவொட்டாமல் தடுப்பதே நம் நாட்டின் கொள்கையாயிற்று. இன்றளவும் இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியதில்லை. ஏன் பரவவில்லை என்பதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர்; முடிந்த முடிபு இல்லை. ஆதலின் வாயிற்காவலைத் தளர்த்த எவரும் துணியவில்லை.

ஓர் ஆப்பிரிக்கரின் குருதி

தடுப்பு மருந்து எளிதில் கிடைத்துவிடவில்லை. 1927இல் இன்றைய கானா நாட்டில் அசிபி என்னும் இளைஞர் இக்காய்ச்சலால் வாடினார். அவர் உடலினின்று எடுத்த சிறிது குருதியிலிருந்து நோயின் வைரஸ் பிரித்தறியப்பட்டது. அசிபி பிழைத்தெழுந்தார். ஆராய்ச்சியாளர் பிழைக்கவில்லை. அவ்வாண்டே ஏட்ரியன் ஸ்டோக்ஸ் லாகோஸ் நகரிலும், மறு ஆண்டு ஜப்பானிய அறிஞர் ஹிதேயோ நொகுச்சி அக்ரா நகரிலும் அந்நோய்க்கே இரையாயினர்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மாக்ஸ் தைலர், அசிபியின் குருதியில் கிடைத்த அவ்வைரஸையே மீண்டும் மீண்டும் வளர்த்து வலிமை குன்றச் செய்து, 1937இல் ‘17டி’ என்னும் தடுப்பு மருந்தை ஆக்கினார். அதன் பொருட்டு 1951இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் உலகெங்கும் போடப்படுவது அவ்வழி வந்த மருந்தே. ஆகவே, நம் இல்லத்து இளைஞன் ஆப்பிரிக்கா செல்லுமுன் இட்டுக்கொள்ளும் ஊசியில், ஓர் ஆப்பிரிக்க இளைஞரின் உடலிலிருந்து வந்த கொடை உண்டு என்பதை அவன் அறிதல் வேண்டும்.

கொடி அட்டையானது

கப்பற் பயணத்தில் நோய் வெளிப்படப் பல நாள் இருந்தது. விமானத்தில் அவ்வவகாசம் இல்லை; நோய் தோன்றுமுன் பயணி வீடு சேர்ந்துவிடுவான். எனவே 1933இல் ஹேக் நகரில் விமானப் போக்குவரத்திற்கென்றே ஒரு சுகாதார உடன்படிக்கை செய்தனர். 1948இல் உலகச் சுகாதார நிறுவனம் தோன்றிற்று. 1951இல் அது சர்வதேசச் சுகாதார விதிகளை இயற்றியது; அவை 1952 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. வைசூரி, வாந்திபேதி, மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றுக்கும் ஒரே வடிவான சான்றிதழ்கள் உலகெங்கும் வழங்கலாயின. அக்காலத்துப் பயணியரின் கையிலிருந்த சான்றிதழ் நம் காலனிப் பெரியவர் சிலரின் பெட்டகத்தில் இன்னும் இருத்தல் கூடும்.

பின்னர் அச்சான்றிதழ்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. வாந்திபேதி ஊசி அந்நோய் நாடு கடப்பதைத் தடுக்கவில்லை எனக் கண்டு, 1973இல் அதனை விதியினின்று நீக்கினர். வைசூரி 1975இல் இந்தியாவை விட்டும், பின்னர் உலகை விட்டும் ஒழிந்தது. 1980இல் அவ்வொழிவு முறையாக அறிவிக்கப்பட்டது. எஞ்சி நிலைத்தது மஞ்சள் காய்ச்சற் சான்றிதழே. முதலில் ஆறு ஆண்டும், பின்னர்ப் பத்து ஆண்டும் செல்லுபடியாயிருந்த அச்சான்று, 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுமைக்கும் செல்லும் என்று ஆயிற்று.

மஞ்சள் கொடியின் பொருளும் மாறிவிட்டது. முன்னாளில் ‘அணுகற்க’ என்றுரைத்த அக்கொடியை இந்நாளில் ஒரு கப்பல் ஏற்றுமானால், ‘நலமாயுள்ளோம், உள்ளே வர விடை தருக’ என்பது கருத்து. நிறம் ஒன்றே, அன்று விலக்கிற்று, இன்று வரவு கேட்கிறது. மஞ்சள் அட்டையும் அத்தகையதே.

நம் நாட்டின் வாயில்

பிறர் வாயிலில் நாம் பட்டதைக் கூறினோம். நம் வாயிலில் நடப்பதையும் கூறுதல் முறை. மஞ்சள் காய்ச்சலைப் பொறுத்தவரை உலகிலேயே மிகக் கண்டிப்பான நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1951ஆம் ஆண்டு விதிகளையும், 2005ஆம் ஆண்டின் புது விதிகளையும் ஏற்றபோது, இந்நோய் குறித்துத் தனக்கெனச் சில உரிமைகளை அது ஒதுக்கி வைத்துக்கொண்டது. நோய்ப் பகுதியிலிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் செல்லுபடியான சான்றின்றி இங்கு வந்திறங்குவோர், அவ்வாறு நாட்கள் நிறையும்வரை தனித்து வைக்கப்படுவர். அயல்நாட்டார்க்கு மட்டுமன்று, தாயகம் திரும்பும் நம் மக்களுக்கும் இதுவே விதி.

தமக்கையின் திருமணத்திற்கு விரைந்து வரும் மகனை விமான நிலையத்திலேயே ஆறு நாள் நிறுத்தினால் வீட்டார் நெஞ்சம் பதறும். இது கொடுமையன்றோ எனக் கேட்கலாம். டர்பனில் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கே நோயில்லாதவரையும் இனம் பார்த்துத் தடுத்தனர். நலமே உடையார் எனினும் அதனை மெய்ப்பித்து உள்ளே செல்ல அவர்க்கு வழியில்லை. ஈண்டு வழி திறந்தே உள்ளது. ஓர் ஊசி போதும். எளியவனும் செல்வனும், கறுப்பனும் வெள்ளையனும் ஒரே அட்டையைக் காட்டி ஒரே வாயிலில் நுழைகின்றனர்.

காவல் வீணன்று என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2016இல் அங்கோலா நாட்டில் இந்நோய் பரவியபோது, ஆங்கே பணிபுரிந்த சீனத் தொழிலாளர் பதினொருவர் நோயோடு தாய்நாடு திரும்பினர். ஆசியாவில் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. நற்பேற்றால் அது அங்குப் பரவவில்லை. அவரைப் போன்றே பணி நாடிச் செல்வோர்தாம் நம் இளைஞரும்.

செல்வோர்க்கும் இருப்போர்க்கும்

வரலாறு கற்பதன் பயன் வாழ்வில் நிற்றலே. ஊசி இட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லுபடியாகும். ஆகவே விசாவும் டிக்கெட்டும் வந்தபின் பார்ப்போம் என்றிராமல் முன்கூட்டியே இட்டுக்கொள்ளுதல் நலம். அரசாங்கம் ஏற்பளித்த மையங்களில் இட்ட ஊசிக்கே மதிப்பு உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. மருந்து கோழி முட்டையில் வளர்க்கப்படுவதாதலின், முட்டை ஒவ்வாதாரும், கருவுற்ற மகளிரும், அறுபது வயது கடந்தோரும், ஒன்பது திங்கள் நிரம்பாத மகவை உடையோரும் மருத்துவரிடம் முன்னரே உரைத்தல் வேண்டும். மலேரியாவுக்கு இவ்வட்டை காப்பன்று. அதற்கு மருத்துவர் தரும் மாத்திரையும் கொசுவலையும் வேண்டும். அட்டையை நகலெடுத்து வீட்டில் ஒன்று வைத்தலும் நன்று.

இங்கேயே இருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவே டெங்குவையும் பரப்புகின்றது. 1996இல் தில்லியில் டெங்கு பரவி நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை வடபுலத் தமிழர் மறந்திரார். அக்கொசு சேற்றிலும் சாக்கடையிலும் பிறப்பதன்று; நம் கூலர்த் தொட்டியிலும், பூந்தொட்டித் தட்டிலும், மாடியில் மூடாத நீர்த்தொட்டியிலும் தெளிந்த நீரில் பிறக்கின்றது. அரசாங்கம் விமான நிலையத்தில் கிருமிக்குக் காவல் நிற்கின்றது. கொசுவிற்குக் காவல் நிற்க வேண்டியவர் நாமே. வாரம் ஒருமுறை அந்நீரைக் கவிழ்த்தலும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுதலும், கோர்காஸ் ஆவானாவில் செய்வித்த அதே பணிதான்.

கடல் கடந்து செல்லும் நம் செல்வங்கள் கையில் அட்டையும் உடலில் காப்பும் கொண்டு செல்க. எந்நாட்டு வாயிலிலும் தலைநிமிர்ந்து நுழைக. நலமே திரும்பி வருக. அவர் வருங்கால், நோய் வளர்க்கும் நீர் ஒரு துளியும் தேங்காத நல்லில்லங்களாக நம் இல்லங்கள் அவரை வரவேற்பனவாகுக.